ஷீட் அறை முயல்கள்

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் அப்பாதுரை, கையில் புதுப் பூட்டு. அவருடைய மருமகன் மஞ்சுநாத், தலையில் ஈரக் கைக்குட்டை. என் அறைக்கு நேர் கீழ் வீட்டு ஜோசஃபின் அக்கா, பூசைக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றாமல். கோழிக்கடை முனிகிருஷ்ணன், காலிக் கூண்டோடு. நான், ரூபினி. அறைக்குள் ஐந்து முயல்கள். ஆறாவது முன்பே செத்துவிட்டது.

விஷயம் சிறியதுதான். பெங்களூர் நீலசந்திராவில் இந்தக் கட்டடத்தின் உச்சியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அதில் முயல் வளர்க்கிறேன். முயல்கள் அன்றே கூண்டில் ஏறிக் கீழே போக வேண்டும் என்று அப்பாதுரை சொன்னார். முடியாது என்று நான் சொன்னேன். போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முனிகிருஷ்ணனே அதை மறைக்கவில்லை.

"முயல் கறிக்கு ஆளுங்க கேட்டுக்கினேதான் இருக்காங்கம்மா," என்றான். "கஷ்டமே தெரியாம பண்ணிடுவேன்."

"யாருக்கு?"

"உனுக்கும்தான், அதுங்களுக்கும்தான்."

நான் முயல்களை ஆசைப்பட்டு வாங்கவில்லை. என்னோடு இரவு ஷிப்ட்டில் வேலை பார்த்த டெரிக் துபாய்க்குப் போகும்போது இரண்டைக் கொண்டுவந்து விட்டுப் போனான். இரண்டும் பெண் என்றான். டெரிக் சொன்ன எதுவும் சரியாக இருந்ததில்லை. இதுவும் இல்லை.

அந்த வேலையை நான் பாதியில் விட்டவள். அமெரிக்கக்காரர்களின் காப்பீட்டுப் புகார்களை ராத்திரி முழுக்கக் கேட்க வேண்டும். ஆபீஸ் ஏ.சி.யில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விடிந்ததும் கேப் என்னை இந்தத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். பிறகு பகல் முழுக்க இந்த ஷீட்டுக்கு அடியில் தூங்க வேண்டும். ஊரே நடமாடும் நேரத்தில், ஒரு பெண் தனியாகக் கதவைத் திறந்து போட்டுத் தூங்க முடியாது. கதவைச் சாத்தினால் அறை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி ஆகிவிடும். தலையணை நனையும், காய்ந்து உப்புப் பூக்கும், மறுபடி நனையும். கடைசியில் ஒரு வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். டீம் லீடர் அந்தப் பதிவை எல்லோர் முன்னாலும் போட்டு, என் குறட்டையைக் கேட்க வைத்தான். அடுத்த நாள் கேப் வந்து ஹாரன் அடித்தபோது நான் இறங்கவில்லை. இப்போது ஒரு டிபன் கடையின் ஆன்லைன் ஆர்டர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். பிழைப்பு ஓடுகிறது.

வேலையில் இருந்தபோது, ஷீட்டின் மேல் சுண்ணாம்பாவது அடித்துத் தரச் சொல்லி அப்பாதுரையிடம் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் நைட்டுல தூங்கறாங்க. நீ பகல்ல தூங்கினா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார்.

அவருடைய கணக்கில் பெங்களூரில் வெயில் கிடையாது. சின்ன வயதில் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த அன்று அடித்த குளிரை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தக் கட்டடத்தைக் கட்டியபோது எந்தத் தளத்திலும் கூரையில் ஃபேன் கொக்கி வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல, பெருமையாக. "பெங்களூர்ல எவனாச்சும் ஃபேன் போடுவானா? இன்னா மெட்ராஸா இது?" கீழ்த்தளத்தில் அவர் வீட்டில் ராத்திரி பகலாக இரண்டு ஸ்டாண்ட் ஃபேன் ஓடுகின்றன. கேட்டால் கொசுவுக்கு என்பார்.

இந்த ஏப்ரலில் மழை வரவில்லை. போர்வெல் வறண்டது, டேங்கர் வந்தது. மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் தண்ணீர்ப் பேச்சு. அந்த வெயிலில்தான் முயல்களுக்கு முதல் தடவையாக மூச்சு வாங்கியது. முயலுக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் விடும். சூடு தாங்காமல் போனால் காது நரம்பு தடித்து, மூக்கு ஈரமாகி, வயிறு தரையில் படிய நீட்டிப் படுத்துவிடும். சத்தம் போடாது. முயல் கத்திச் சாகும் பிராணி இல்லை. நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கோணிச் சாக்கை நனைத்துக் கூண்டைச் சுற்றித் தொங்கவிட்டு, டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பினேன். பூனை வரும் என்று கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இட்லிப் பானை மூடியைத் தூக்கியது மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே வெந்திருந்தது. வெள்ளை முயல் விறைத்துக் கிடந்தது. பெயரெல்லாம் வைத்திருக்கவில்லை. சாக்கை அவிழ்த்து அதிலேயே சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். அழவில்லை. ஆனால் அந்த அறையில் இன்னொன்று அப்படிச் சாகப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஷீட்டுக்கும் எனக்கும் பழைய பகை இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் ஈரமில்லாத குளிர்ச்சி. கல் அறுக்கும் பட்டறையில் தூக்கிப் போடும் கிரானைட் துண்டுகளைக் கொண்டுவந்து கூண்டின் தரையில் பரப்பினேன். பிளாஸ்டிக் பாட்டில்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பழைய சாக்ஸுக்குள் போட்டு, கூண்டின் மூலைகளில் படுக்கவைத்தேன். முயல்கள் முதலில் முறைத்தன. பிறகு வந்து காதை அதன் மேல் சாய்த்துக்கொண்டன.

என்னிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. ஜோசஃபின் அக்காவிடம் இருந்தது. அவள் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். காலையில் போனால் சாயந்திரம்தான் வருவாள், சாவி என்னிடம் இருக்கும். ஃப்ரீஸரில் இடம் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மனுசிக்கு ஜூஸு போட்டுக் குடிக்க ஐஸு இல்ல. முயலுக்கு ஏ.சி.யாடி?"

"செத்துப்போயிடுங்க்கா."

"செத்தா கொழம்பு வெக்கலாம்," என்றாள். ஆனால் ஃப்ரீஸரில் இருந்த மீனை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "அது உப்புத் தண்ணியா? எவனாச்சும் எடுத்துக் குடிச்சிட்டு வாந்தி எடுக்கப் போறான். கழுத்துல எதனா அடையாளம் கட்டு." தன்னுடைய பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து நாடா நாடாவாகக் கொடுத்தாள். நான் ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு சிவப்பு நாடா கட்டினேன்.

பாட்டில் மட்டும் போதவில்லை. அடுத்ததாக, ஜான்சன் மார்க்கெட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகாமல், ஏரியாவில் இருந்த பூனைகளெல்லாம் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. எலுமிச்சைத் தோலும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துப் பூனைகளை விரட்டினேன். எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடையில் உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று அடாப்டரோடு கிடைத்தது. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஓட்டை போட்டு ஃபேனைப் பொருத்தினேன். எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை, அதில் வளைந்த பி.வி.சி. குழாய், குழாயின் வாய் கூண்டுக்குள். பெட்டிக்குள் உறைந்த பாட்டில்களை வரிசையாக நிறுத்தி மூடியை டேப் போட்டு ஒட்டினேன். ஃபேன் சுற்றியதும் குழாய் வழியாக வந்த காற்று, ஆபீஸ் ஏ.சி. மாதிரி கை மயிரைச் சிலிர்க்க வைத்தது. சாம்பல் நிற முயல் குழாய்க்கு முன்னால் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. மற்றவை அதைத் தள்ளிப் பார்த்தன. அது நகரவில்லை. அதை எனக்குப் பிடித்துப்போனது.

அப்பாதுரை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். முயலுக்கு மிஷின் வைத்துத் தண்ணீரையும் கரண்டையும் உறிஞ்சுகிறாள் என்று படி முழுக்கப் பேச்சு. டேங்கருக்கு எல்லோரிடமும் பணம் பிடிக்கிற நேரத்தில் அவருக்குக் கைகாட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கும் பெண் அதற்கு வசதி. ஒரு நாள் மத்தியானம் ஃபேன் நின்றது. கீழே போய்ப் பார்த்தால் மாடி அறையின் மீட்டருக்குக் கீழே ஃபியூஸைக் காணோம். மஞ்சுநாத் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"மாவா எடுத்துட்டாரு," என்றான். அவன் மாமனாரை அப்படித்தான் கன்னடத்தில் கூப்பிடுவான். "நா இன்னா மாட்லி, இன்னா பண்றது? அவுரு பாக்கெட்ல போட்டுக்கினாரு."

நான் சண்டை போடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தூசி பிடித்து நின்ற என் ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோனேன். அந்த கம்ப்யூட்டர் ஃபேன் அதே பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவதுதான். வயரை முறுக்கிக் கட்டியதும் சுற்றியது. சார்ஜ் இறங்கினால் ஆஸ்டின் டவுனில் பேட்டரிக் கடையில் ஏற்றிக்கொண்டு வருவேன். அப்பாதுரை ஃபியூஸைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். இருட்டில் நான் மெழுகுவர்த்தியோடு இருந்தேன். முயல்கள் குளிர்ச்சியாக இருந்தன. அவருக்கு அது பொறுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தீர்த்தப் பாட்டில் விவகாரம் வந்தது.

ஜோசஃபின் அக்காவிடம் குழந்தை யேசு கோவிலிலிருந்து பிடித்து வந்த மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் உண்டு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் தடவுவாள். ஹாஸ்டல் பெண்களுக்குப் பரீட்சை என்றால் மூடியில் ஊற்றிக் கொண்டுபோவாள். வெளியில் வைத்தால் பாசி பிடிக்கிறது என்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். அந்த வாரம் மாவுச் சட்டிக்கு இடம் வேண்டுமென்று அதை ஃப்ரீஸருக்குள் நகர்த்தியிருக்கிறாள். யாரும் தெரியாமல் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று, மிச்சமிருந்த சிவப்பு நாடாவில் ஒன்றை அதன் கழுத்திலும் கட்டியிருக்கிறாள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே யோசனை, அதே பாவாடை.

நான் சிவப்பு நாடாவைப் பார்த்தேன், எடுத்தேன், சாக்ஸுக்குள் போட்டேன்.

சனிக்கிழமை அவள் துணி காயப்போட மேலே வந்தவள், என் கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தாள். சாம்பல் முயல் சாக்ஸைக் கடித்துக் கிழித்து வைத்திருந்தது. உள்ளேயிருந்து பாட்டில் எட்டிப் பார்த்தது. பாதி உரிந்த லேபிளில் குழந்தை யேசுவின் கிரீடம் மட்டும் மிச்சம். அதன் மேல் முயல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "அடிப்பாவி! என் சாமித் தண்ணிய கொண்டாந்து முயலுக்குத் தலகாணி வெச்சிருக்கியேடி!" நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. பாட்டிலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சாவியையும் வாங்கிக்கொண்டாள்.

அப்பாதுரை மாரியம்மன் கோவில் கமிட்டியில் இருப்பவர். மாதா கோவில் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் ஜோசஃபின் அக்காவைவிட அவருக்குத்தான் மனம் அதிகம் புண்பட்டுவிட்டது. மறுநாளே, பூசை முடிந்து அவள் வந்ததும் வராததுமாக, எல்லோரையும் மாடிக்குக் கூட்டிவிட்டார். முனிகிருஷ்ணனுக்குச் சொல்லியனுப்பி, கூண்டோடு வரவழைத்திருந்தார். முயல்கள் போனதும் அறையைப் பூட்டிவிடுவதாகத் திட்டம். சாமானை நான் அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாமாம்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

"நான் ஜாதி மதம் பாத்து வீடு குடுக்கறவன் இல்ல," என்று ஆரம்பித்தார் அப்பாதுரை. "அல்லா சாமியும் ஒண்ணுதான், யேசு சாமியும் ஒண்ணுதான். அந்தத் தண்ணிய எடுத்தாந்து முயல் மூத்திரத்துல வெச்சிருக்கா. எனக்கே ராத்திரி தூக்கம் வரல. இந்தம்மாவுக்கு எப்பிடி இருக்கும்?"

"எப்பிடி இருக்குன்னு நானே சொல்றனே," என்றாள் ஜோசஃபின் அக்கா.

"சொல்லும்மா, தைரியமா சொல்லு. பயப்படாத."

"எனக்கு இன்னாத்துக்கு பயம்?" அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் நேற்றைப் போலவேதான் இருந்தது. "இவ பண்ணது தப்பு. கண்ணு எங்க இருந்துச்சி உனுக்கு? கிரீடம் தெரியல?"

"நாடாவைத்தான் பாத்தேன்க்கா."

"நாடாவ பாத்தாளாம். வர்ற வியாழக்கிழமை என்கூட குழந்தை யேசு கோவிலுக்கு வரணும். கூட்டத்துல கடைசி வரைக்கும் லைன்ல நின்னு, புது பாட்டில் புடிச்சி என் கையில குடுக்கணும்."

"சரிக்கா."

"தலையில முக்காடு போடணும்."

"சரிக்கா."

"அங்க வந்து போன நோண்டிக்கினு நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"அவ்ளோதான்." அவள் அப்பாதுரையைப் பார்த்தாள். "எனக்கும் அவளுக்கும் தீந்துச்சி. இதுல முயலு எங்க வந்துச்சி? முயலா வந்து என் ஃப்ரிட்ஜைத் தொறந்துச்சி?"

முனிகிருஷ்ணன் சிரித்துவிட்டான். அப்பாதுரை திரும்பியதும் கூண்டின் கதவைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

"சாமி விஷயத்த விடும்மா," என்றார் அப்பாதுரை. இவ்வளவு சீக்கிரம் விடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தண்ணி? டேங்கர் தண்ணிய நம்ம குடிக்கவே பத்தல. இவ முயலுக்கு ஐஸு போட்டுக்கினு இருக்கா."

"அந்தப் பாட்டில்ல இருக்கறது நான் முதல் தடவ ஊத்தின தண்ணிதான்," என்றேன். "உறையுது, உருகுது, திரும்பி உறையுது. மூடியே தொறக்கல. வேணும்னா பாருங்க."

மஞ்சுநாத் உள்ளே குனிந்து பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு மிஷின் என்றால் ஆசை. கையைக் குழாய்க்கு முன்னால் வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டே நின்றான். "மாவா, சீல் பண்ண பாட்டிலுதான். தண்ணி செலவே இல்ல. காத்து சக்கத்தா, சூப்பரா வருது."

"நீ சும்மா இருடா. கரண்ட்டு?"

"கரண்ட்டு உங்க பாக்கெட்டுல இருக்கு," என்றேன்.

எல்லோரும் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஃபியூஸ் கட்டையின் வெள்ளைப் பீங்கான் துணிக்கு மேல் தெரிந்தது. பூட்டின் சாவி வளையமும் அதற்குப் பக்கத்தில் தொங்கியது. அவர் கையால் பையை மூடிக்கொண்டார்.

கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். "தோ பாரு ரூபினி. தண்ணியும் வாணாம், கரண்ட்டும் வாணாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஊரு வெயிலுக்கு எதுக்கும்மா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? பெட்டியாம், ஃபேனாம், ஐஸாம். மனுசன் இருக்கற ரூம்ல முயலு இருக்க முடியாதா? நானும் ஷீட்டு வீட்டுல வளந்தவன்தான். ஒண்ணும் செத்துடல. எல்லாம் திமிரு. வேலைக்குப் போவாம வீட்ல குந்திக்கினு இருந்தா இப்பிடித்தான் புத்தி போவும்."

கடைசி வாக்கியம் வரைக்கும் நான் அமைதியாகத்தான் இருந்தேன்.

"இந்த ரூமுக்குள்ள கடைசியா எப்ப வந்தீங்க?"

"நான் கட்டின ரூமுடி இது."

"மத்தியானத்துல எப்ப வந்தீங்க?"

மஞ்சுநாத் தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"இப்ப உள்ள போய் உக்காருங்க," என்றேன். "அக்கா கீழ போய் கறிக்கு குக்கர் வெக்கட்டும். அது வெந்து எறக்கற வரைக்கும் நீங்க உள்ளயே இருந்துட்டீங்கன்னா, நானே அஞ்சையும் புடிச்சி இந்தக் கூண்டுல போடறேன். ரூமையும் காலி பண்றேன். அதுக்கு முன்னாடி வெளிய வரணும்னு சொன்னீங்கன்னா, ஃபியூஸு திரும்பி வரணும், கூண்டு காலியா போவணும், ஷீட்டு மேல சுண்ணாம்பு அடிச்சாவணும். இனிமே இந்த மாடியில முயலப் பத்திப் பேச்சு வரக் கூடாது."

முனிகிருஷ்ணன் கூண்டைக் கீழே வைத்தான். "நல்லா கீதே இது," என்றான்.

"பேடா மாவா," என்றான் மஞ்சுநாத். வேண்டாம் என்று கெஞ்சினான். "உங்களுக்கு பீப்பீ இருக்கு."

"பீப்பீயாம். போடா." அப்பாதுரை ஜோசஃபின் அக்காவைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் ஆவும் உன் கறி?"

"முத்தல் கறி. லேசுல வேவாது," என்றாள் அக்கா. அவள் கண் சிரித்ததா என்று சொல்ல முடியாது. "சட்டுனு எறக்கி உங்கள காப்பாத்துவேன்னு நெனைக்காதீங்க. நேத்து ராத்திரியெல்லாம் நான் அழுதிருக்கேன். எனக்கு இவ மேலயும் கோவம், உங்க மேலயும் கோவம்."

"என் மேல எதுக்கு?"

"என் சாமிக்கு நான்தான் சண்ட போடுவேன். நீங்க இன்னா நடுவுல?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். அப்பாதுரை கையிலிருந்த பூட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியாது. அதுவும் பெங்களூர் வெயிலுக்கு.

"இன்னா பெரிய ரூம்பு," என்றார்.

வாசல் தாழ்வு. அவர் கட்டியதுதான், ஆனாலும் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டார். நான் பின்னாலேயே போய் பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன். நான் தூங்கும் பாய் விரிக்கும் அதே இடம். அதற்கு நேர் மேலே ஷீட்டில் ஒரு ஆணி ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக வெயில் ஒரு புள்ளியாக இறங்கி, பகல் முழுக்க உடம்பில் ஊர்ந்துகொண்டே போகும். எத்தனையோ நாள் அந்தப் புள்ளிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் படுத்திருக்கிறேன். இப்போது அது அவருடைய தோள் மேல் உட்கார்ந்தது. அவர் நாற்காலியை நகர்த்தினார். அந்த நேரத்துக்குள்ளேயே அவருடைய சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

சுவரோரம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் முயல் குழாயின் வாயில் உட்கார்ந்து அவரை ஒரு கண்ணால் பார்த்தது. மற்றவை கல்லின் மேல் காலை நீட்டிக் கிடந்தன. பெட்டியில் நல்ல குளிர்ச்சி இருந்தது. பாட்டில்கள் காலையில்தான் மாறியிருந்தன. சாவியை வாங்கிக்கொண்டு போன ஜோசஃபின் அக்கா, பூசைக்குக் கிளம்பும் முன் உறைந்த பாட்டில்களை ஒரு பையில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"அந்தக் குழாய இந்தப் பக்கம் திருப்பு," என்றார் அப்பாதுரை.

"அது அதுங்களுக்கு."

நான் வெளியே வந்து ஜன்னலைச் சாத்தினேன், ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் விட்டு. கதவில் கை வைத்தபோது அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"கதவ எதுக்கு சாத்தற?"

"நான் சாத்திக்கினுதான் தூங்குவேன். தனியா இருக்கற பொண்ணு."

அவர் மஞ்சுநாத்தைப் பார்த்தார், முனிகிருஷ்ணனைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார்.

கீழேயிருந்து ஜோசஃபின் அக்காவின் குரல் வந்தது. "வெச்சாச்சி!"

கைப்பிடிச் சுவரின் மேல் கிடந்த பூட்டை எடுத்தேன். அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. வெயிலில் கிடந்து கையைச் சுட்டது. துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டேன்.

"சாவி உங்க பாக்கெட்டுலதான் இருக்கு," என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "எப்ப வேணா இந்த சந்துல குடுங்க, தொறந்துடறேன். ஃபியூஸையும் சேத்துக் குடுங்க."

கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியில் பூட்டை மாட்டி, அழுத்திப் பூட்டினேன்.